ஆடு மேய்ந்த தொகுதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தேர்தல்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், பிரிட்டிஷ் நாடாளுமன்ற இடங்கள் ஒரு காலத்தில் நிலபுலன் போல வாங்கி விற்கப்பட்டன என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நம்ப முடியவில்லை. என் அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவர் அடிக்கடி சொல்வது இது: "வெள்ளைக்காரன் மாக்னா கார்ட்டாவிலேருந்து எழுநூறு வருஷம் படிப்படியா, ரத்தம் சிந்தாம, பக்குவப்பட்டு ஓட்டுரிமை வாங்கினான். நமக்கு ஒரே ராத்திரியில கிடைச்சுது. அதான் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் விக்கிறோம். படிச்சவனுக்கு மட்டும் ஓட்டுன்னு வச்சிருந்தா இந்தச் சீரழிவே வந்திருக்காது." எனக்கு மறுக்கத் தெரியவில்லை. உண்மையில் அங்கே என்னதான் நடந்தது?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

அப்பா சொல்வது அவர் தலைமுறைக்குப் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்ததுதான். 1215இல் மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனம், 1688இல் புரட்சி, 1832இலும் 1867இலும் தேர்தல் சீர்திருத்தச் சட்டங்கள் என்று ஆண்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டால், யாரோ திட்டம் போட்டுப் படி கட்டியது போலத்தான் தோன்றும். இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே நடந்ததைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில், சாலிஸ்பரி நகருக்குச் சற்று வடக்கே ஓல்ட் சாரம் என்று ஒரு மேடு இருக்கிறது. ஒரு காலத்தில் கோட்டையும் பேராலயமும் கொண்ட ஊர். 1220இல் சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மக்களும் மெல்ல இறங்கிப் போய்விட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் அங்கே மிஞ்சியது இடிந்த சுவர்களும் புல்லும் மேய்கிற ஆடுகளும்தான். ஆனாலும் அந்த மேட்டுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு உறுப்பினர்கள்! ஓட்டுரிமை ஆளுக்கு இல்லை, குறிப்பிட்ட சில மனைகளுக்கு. மனைகள் எல்லாம் ஒருவர் கையில் இருந்தால் தேர்தலுக்கு முன் தன் ஆட்களின் பெயரில் மாற்றிக் கொடுப்பார். வயலில் ஒரு மரத்தடியில் தேர்தல் நடக்கும். முடிந்ததும் மனைகள் அவரிடமே திரும்பிவிடும். மனையை வாங்கியவர் தொகுதியையும் வாங்கியவர்.

1691இல் அதை வாங்கியவர் தாமஸ் பிட். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறி இந்தியாவில் திருட்டு வணிகம் செய்து பணம் சேர்த்தவர். அவரை அடக்க முடியாமல் கம்பெனியே பிறகு வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1698 முதல் 1709 வரை நம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் அவர்தான். அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது இந்த ஆட்டு மேட்டின் உறுப்பினராக. பின்னாளில் பிரதமரானார்.

ஓல்ட் சாரம் ஏதோ ஒரு விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். சஃபோக் கரையில் டன்விச் என்ற ஊரின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது; அதற்கும் இரண்டு உறுப்பினர்கள். அதே சமயம் லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த மான்செஸ்டருக்கென்று ஒரு உறுப்பினர்கூட இல்லை. பர்மிங்காம், லீட்ஸ், ஷெஃபீல்டு எல்லாம் அப்படியே.

நீங்கள் தஞ்சாவூர்க்காரர் என்பதால் இன்னொருவரைச் சொல்ல வேண்டும். பால் பென்ஃபீல்டு, சென்னையில் கம்பெனி ஊழியர். ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தே கொழுத்தவர். 1773இல் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்து நவாபுக்குக் கொடுத்தது. நவாப் தஞ்சை விளைச்சலின் வருவாயை பென்ஃபீல்டிடம் அடகு வைத்தார். 1776இல் நாடு மறுபடி மராட்டிய மன்னரிடம் போனபோதும், விளைச்சல் எனக்குத்தான் என்று பென்ஃபீல்டு நின்றார். அதை மறுத்த கவர்னர் பிகாட்டை அவருடைய கவுன்சில் உறுப்பினர்களே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு பிகாட் காவலிலேயே இறந்தார். பென்ஃபீல்டு இங்கிலாந்து திரும்பி 1780இல் கிரிக்லேடு தொகுதியை விலைக்கு வாங்கி நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை அவர் உருவாக்கினார் என்று 1785இல் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் சபையிலேயே குற்றம் சாட்டினார். காவிரி நெல் இங்கிலாந்துத் தொகுதியாக மாறிய கதை இது. பள்ளியில் இதை ஏன் சொல்லித் தருவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஓட்டுக்குப் பணமா? டெவன் மாவட்டத்து ஹானிட்டனில், தன் அடுப்பில் தானே உலை வைக்கிற ஆண்களுக்கெல்லாம் ஓட்டு உண்டு. 1806இல் அங்கே நின்ற கடற்படைத் தளபதி காக்ரேன், பணம் தரமாட்டேன் என்றார், தோற்றார். தோற்ற பிறகு, தனக்கு ஓட்டுப் போட்ட சிலருக்குத் தலைக்குப் பத்து கினி (தங்க நாணயம்) கொடுத்தார். சில மாதங்களில் அடுத்த தேர்தல்; வென்றார். ஓட்டுப் பதிவு அப்போது பகிரங்கம். மேடையேறி வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்பதைப் புத்தகமாகவே அச்சிடுவார்கள். பண்ணையாருக்கு எதிராகச் சொன்ன குத்தகைக்காரருக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ரகசிய வாக்கெடுப்பு 1872இல்தான் வந்தது.

இனி ரத்தம். 1819 ஆகஸ்ட் 16, மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் மைதானம். ஓட்டுரிமை கேட்டுச் சுமார் 60,000 பேர் கூடினார்கள். குடும்பம் குடும்பமாக, நல்ல உடை உடுத்திக்கொண்டு. உருவிய வாளோடு குதிரைப் படை உள்ளே புகுந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயம். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை நினைவுபடுத்திக் கேலியாகப் பீட்டர்லூ என்று பெயர் வந்தது. 1831இல் பிரபுக்கள் சபை இந்தத் தேர்தல் முறையைத் திருத்தும் மசோதாவைத் தள்ளியதும் நாட்டிங்காம் கோட்டை எரிந்தது, பிரிஸ்டல் மூன்று நாள் கலவரக்காரர் கையில் இருந்தது. மறு ஆண்டு, புதிய பிரபுக்களை நியமித்துச் சபையை நிரப்ப அரசர் ஒப்புக்கொண்ட பிறகே பிரபுக்கள் வழிவிட்டார்கள். ஓல்ட் சாரம் போன்ற, 'அழுகிய தொகுதிகள்' எனப்பட்ட 56 தொகுதிகள் ஒழிந்தன. மற்றபடி, நகரங்களில் ஆண்டு வாடகை மதிப்பு பத்து பவுண்டு உள்ள வீடு இருந்தால்தான் ஓட்டு. இதில் பக்குவம் எங்கே இருக்கிறது? புரட்சி வந்துவிடுமோ என்ற பயமும், நடுத்தர வர்க்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் கணக்கும்தான் இருந்தன. ஏமாந்த தொழிலாளர்கள் ஓட்டுரிமை கேட்டுச் சாசன இயக்கமாகத் திரண்டார்கள். 1839இல் வேல்ஸின் நியூபோர்ட்டில் சிப்பாய்கள் சுட்டு இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

பெண்களுக்கு ஆண்களோடு சமமான ஓட்டு 1928இல் வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1931இல், இலங்கையில் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்துவிட்டது. பிரிட்டனிலோ வணிக இடம் வைத்திருந்தவர்களுக்கு அதன் பிறகும் இரண்டாவது ஓட்டு இருந்தது. ஆளுக்கு ஒரே ஓட்டு என்று அங்கே நடந்த முதல் பொதுத்தேர்தல் 1950இல். நமது முதல் பொதுத்தேர்தல் 1951-52. அப்பாவின் எழுநூறு வருட இடைவெளியைக் காணோம்.

படித்தவனுக்கு மட்டும் ஓட்டு என்கிறாரே, அதையும் ஓரளவு செய்து பார்த்தவர்கள்தான் அவர்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பல்கலைக்கழகங்களுக்குத் தனி உறுப்பினர்கள் உண்டு, பட்டதாரிகளே வாக்காளர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை ஒழித்தது. ஆக்ஸ்ஃபோர்டின் உறுப்பினராகப் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவர் கிளாட்ஸ்டன். அவர் தாராளவாதப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று 1865இல் அந்தப் பட்டதாரிகள், பெரும்பாலும் பாதிரியார்கள், அவரைத் தோற்கடித்தார்கள். சில நாட்களில் தெற்கு லங்காஷயர் அவரைத் தேர்ந்தெடுத்தது. நான்கு முறை பிரதமரான அவருடைய அரசுதான் 1884இல் கிராமத்துக் கூலி விவசாயிகளுக்கு ஓட்டுக் கொடுத்தது.

அன்புடன்