ஒன்பது மனுக்களுக்கும் ஒரே வாக்கியம்

கேள்வி: இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. கூடலூர்ப் பகுதியில் பிரிவு 17 நிலம் என்று சொல்லப்படும், பட்டா வழங்கப்படாத எஸ்டேட் குத்தகை நிலத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறோம். எதிரே உள்ள எஸ்டேட் பங்களாவில் விடிய விடிய விளக்கு எரிகிறது. எங்கள் வீட்டுக்கு மின் இணைப்புக் கேட்டால் பட்டா எங்கே என்கிறார்கள். அரசாங்கம், நீதிமன்றம், உங்களைப் போன்ற பத்திரிகைகள் எல்லாமே எஸ்டேட்காரர்களிடம் விலைபோய்விட்டன என்கிறேன். மறுப்பீர்களா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தேவாலா

பதில்: மறுக்கிறேன், ஆனால் உங்களுக்கு நேர்ந்தது அநீதி என்பதை மறுக்கவில்லை.

கடிதத்துடன் ஒன்பது மனுக்களின் நகல்களை இணைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்காகவும் ஒரு திங்கட்கிழமை, அன்றைய கூலியை விட்டுவிட்டு, முதல் பேருந்தில் நடுவட்டம் ஏறி ஊட்டிக்குப் போயிருக்கிறீர்கள். வந்த ஒன்பது பதில்களிலும் நிலம் பிரிவு 17-இன் கீழ் வருவதால் பரிசீலிக்க இயலாது என்ற ஒரே வாக்கியம்தான் இருக்கிறது. தேதி மட்டும் மாறுகிறது. முதல் பதிலில் விழுந்த எழுத்துப்பிழைகூட ஒன்பதாவது வரை திருத்தப்படாமல் வருகிறது. விலைபோன அதிகாரி ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார். இங்கே எல்லோருக்கும் ஒரே விதம். யாரும் கை நனைக்காமலேயே, கோப்பு எண்ணோடும் முத்திரையோடும் ஒழுங்காக நடந்தேறும் அநீதி இது. இதை லஞ்சம் என்று சொன்னால் சம்பந்தப்பட்டவர்களுக்கு நிம்மதி. ஆதாரம் எங்கே என்று கேட்டுவிட்டுக் கோப்பை மூடிவிடலாம்.

நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் வசமிருந்த ஜன்ம நிலங்களை, அதாவது பரம்பரை உடைமை நிலங்களை எடுத்து, தகுதியுள்ள சாகுபடியாளர்களுக்கு அரசே நேரடியாகத் தரும் ரயத்துவாரிப் பட்டா வழங்குவதற்காகத்தான் 1969-இல் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. தோட்டப் பயிருக்கு விடப்பட்டிருந்த குத்தகைகளைத் தொடரவிடுவதா, முடிப்பதா என்பதை அரசின் கையில் கொடுப்பது அதன் 17-ஆம் பிரிவு. காடுகளை எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1974-இல் நாடாளுமன்றம் 34-ஆவது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டத்தை, நீதிமன்றத்தில் எதிர்க்கப்படாமல் சட்டங்களைக் காப்பதற்கென்றே அரசியலமைப்பில் உள்ள ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2007 ஜனவரி 11 அன்றுதான் தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் ஐ.ஆர். கொயலோ வழக்கு என்று உருப்போடுவது இதைத்தான். இந்தியா முழுவதற்கும் காடு என்ற சொல்லின் பொருளை விரித்த உச்ச நீதிமன்றத்தின் 1996 டிசம்பர் 12 உத்தரவும், கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்துப் போட்ட வழக்கில் பிறந்ததே. நாட்டுக்கே சட்டம் வகுத்துக் கொடுத்த இந்த மலைச்சரிவில், மீட்டர் பொருத்துவதற்காக நீங்கள் சுவரில் அடித்துவைத்த பலகையில் இப்போது நாட்காட்டி தொங்குவதைப் புகைப்படத்தில் பார்த்தேன்.

வழக்கு முடியும் வரை உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் என்பது கேட்பதற்கு நடுநிலைதான். எஸ்டேட்டுக்கு உள்ளது தேயிலையும் பழைய மின் இணைப்பும். உங்களுக்கு உள்ளது சிம்னி விளக்கு. தாமதம் இருவருக்கும் ஒன்றல்ல. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்திலும் உங்களுக்கு இடமில்லை: பழங்குடியல்லாதவர் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், வனத்தில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்தவர், 1930-இல் தாம் இங்கே இருந்ததை எப்படிக் காட்டுவார்? சட்டம் எழுதியவர்களுக்கு உங்கள்மேல் பகையில்லை. உங்கள் நினைவே அவர்களுக்கு வரவில்லை.

அதே மறதி உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. இங்கே வாழும் எல்லோருக்கும் பட்டா வேண்டும் என்கிறீர்கள்; ஆனால் நான்கு பக்கங்களில் பழங்குடிகளான பணியரைப் பற்றியோ காட்டுநாயக்கரைப் பற்றியோ ஒரு வரி இல்லை. தேயிலை வருவதற்கு முன்பிருந்தே இருப்பவர்கள் அவர்கள். அண்மையில் முத்திரைத்தாளில் எழுதி வாங்கி விடுதி கட்டியவரும் அந்த ‘எல்லோரில்’ சேர்த்தியா? இதைத் தெளிவாக்காதவரை உங்கள் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது மிகச் சுலபம்.

எங்களைப் பற்றிக் கேட்டீர்கள். சென்ற இதழின் பின்னட்டையில் தேயிலை விளம்பரம் வந்தது உண்மை. அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டே இந்தப் பதிலைப் படியுங்கள்.

பத்தாவது முறை மனுக் கொடுக்காமல், பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். உங்கள் சர்வே எண்ணுக்குரிய குத்தகை எந்த ஆண்டில் முடிந்தது, 17-ஆம் பிரிவின்கீழ் அதன்மேல் ஆணை ஏதும் பிறப்பிக்கப்பட்டதா, எந்த வழக்கின் எந்தத் தடையாணை அந்த எண்ணைக் கட்டுப்படுத்துகிறது என்று கேட்டு, ஆணைகளின் நகலையும் கோருங்கள். முப்பது நாளைக்குள் பதில் தரவேண்டும். அந்தப் பழைய வாக்கியம் இந்தக் கேள்விகளுக்குப் பொருந்தாது. பொருத்தி அனுப்பினார்கள் என்றால் எனக்கு அனுப்புங்கள், எழுத்துப்பிழையோடு அப்படியே அச்சிடுகிறேன்.