சூட்டில் கரண்ட் தரும் காகிதம்: கேட்டதும் சொன்னதும்

கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களாலான, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்) பூசிய காகிதம் சூட்டை மின்சாரமாக்கும் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சேலம் பக்கத்து நண்பர்கள் கேட்டவை இவை.

கருப்பூர் மாணவர்: காகிதத்தில் எப்படி சார் மின்சாரம் வரும்?

காகிதம் வெறும் தாங்கிதான் தம்பி. வேலை செய்வது அதன்மேல் இருக்கும் கரிய படலம். ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால், மின்னூட்டங்கள் சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கு நகரும்; அதில் வோல்டேஜ் பிறக்கும். 1821-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சீபெக் கண்டது; சீபெக் விளைவு என்பார்கள். நானோகுழாய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து பி-வகை ஆகிவிடும், அதாவது அதில் நகர்வது நேர்மின்னூட்டம். படலத்தைப் பட்டை பட்டையாக வரைந்து, பாதிப் பட்டைகளில் பாலிஎத்திலீனிமைன் என்ற வேதிப்பொருளைத் தடவினால் என்-வகை, அதில் நகர்வது எதிர்மின்னூட்டம். இரண்டையும் மாற்றி மாற்றித் தொடராக இணைத்தால் வோல்டேஜ் கூடும்.

ஆத்தூர், சேகோ ஆலை வைத்திருப்பவர்: பாய்லர் புகைபோக்கியைச் சுற்றி ஒட்டினால் கரண்ட் பில் குறையுமா?

குறையாதுங்க. கணக்கைப் பாருங்கள். ஒரு பி, ஒரு என் சேர்ந்த ஒரு ஜோடிப் பட்டை ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 100 மைக்ரோவோல்ட் தரும். 50 ஜோடி, 40 டிகிரி வித்தியாசம் என்றால் 0.2 வோல்ட். உள்மின்தடை 1,000 ஓம் என்று வைத்தால், எடுக்க முடிந்தது அதிகபட்சம் 10 மைக்ரோவாட். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று எரிய இப்படி 9 லட்சம் தாள் வேண்டும்! அதோடு, 200 டிகிரியைத் தாண்டினால் காகிதம் கருகத் தொடங்கும். ஆனால் அந்தப் புகைபோக்கியின் சூட்டை அளந்து எப்போதாவது ஒரு தகவல் அனுப்பும் சென்சாருக்கு, மின்சாரத்தைச் சேர்த்துவைத்துக் கொடுத்தால் அதுவே போதும். பேட்டரி மாற்ற ஏணி ஏற வேண்டாம்.

ஏற்காடு, காபித் தோட்டக்காரர்: இங்கே ராத்திரி நல்ல குளிர். ஸ்வெட்டரில் தைத்தால் போன் சார்ஜ் ஆகுமா?

போனுக்குப் பல வாட் வேண்டும், ஆகாது. குளிர் இருக்கிறதே என்று தோன்றும். சிக்கல் காகிதத்தின் தடிமனில். உடம்பு ஒருபுறம், பனிக்காற்று மறுபுறம் இருந்தாலும் தாள் மெல்லியது, அதனால் அதன் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே சூடுதான். வித்தியாசத்தில் பெரும்பகுதியைத் தோலை ஒட்டிய காற்றே விழுங்கிவிடும். அதனால்தான் பட்டைகளை நீளவாக்கில் வரைந்து, தாளை விசிறிபோல மடித்து நிறுத்துகிறார்கள்: கீழ்மடிப்பு சூட்டில், மேல்மடிப்பு காற்றில். மடித்தாலும் படலம் விரிசல் விடாமல் தாங்குவதுதான் நானோகுழாயின் பெருமை.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைக்காரர்: இதைவிட நல்ல பொருள் இல்லையா?

இருக்கிறது, பிஸ்மத் டெல்லூரைடு. வோல்டேஜ் நன்றாக வரும், ஆனால் வளைத்தால் உடையும். டெல்லூரியமும் அரிது. தட்டையான இடத்துக்கு அதையே வாங்குங்கள், நானும் அதைத்தான் சொல்வேன்.

ஓமலூர் ஆசிரியை: பள்ளிக்கூடத்தில் செய்து காட்டலாமா?

நானோகுழாய்த் தூளை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள் அம்மா. நீண்ட, விறைப்பான சில வகைகள் மூச்சில் போனால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போலவே நுரையீரலைக் கெடுக்கலாம். சீபெக் விளைவைக் காட்டத்தானே? செம்புக் கம்பி ஒன்று, இரும்புக் கம்பி ஒன்று எடுத்து, ஒரு முனையில் இரண்டையும் முறுக்கி மெழுகுவர்த்தியில் காட்டுங்கள். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள், முள்ளோ எண்ணோ அசையும்.