செல்போனில் அசையாமல் உட்காருகிறவனுக்குக் கவனக்குறைவா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வகுப்பில் ஐந்து நிமிடம் உட்காருவதில்லை. நோட்டில் பாதிதான் எழுதியிருக்கிறான், பென்சில் பாக்ஸைத் தொலைக்காத வாரமே இல்லை. 'ஏடிஎச்டியாக (கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்' என்கிறார் டீச்சர். ஆனால் செல்போனில் கேம் கொடுத்தால் இரண்டு மணி நேரம் அசைவதில்லையே! 'இவன் அப்பனும் இப்படித்தான், வளர்ந்தால் சரியாகிவிடும்' என்கிறார் மாமியார். மாத்திரை கொடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவானோ?
- ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: சகோதரி, செல்போனிலிருந்தே தொடங்குகிறேன். நிறையப் பெற்றோர் குழம்புவது அங்கேதான். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. வேண்டிய இடத்தில் அதைப் பிடித்து நிறுத்துவதுதான் கஷ்டம். கேமில் நொடிக்கொரு தடவை பாயின்ட் ஏறுகிறது, கவனம் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஏழாம் வாய்ப்பாட்டில் அப்படி என்ன இருக்கிறது? தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருப்பீர்கள். அவன் டம்ளரும் கையுமாக வாசற்படியில் குந்தி எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அது திமிர் இல்லை. அந்த நேரத்தில் தண்ணீர் அவன் நினைவிலேயே இல்லை.

மாமியார் சொன்னதில் பாதி உண்மை. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, உங்கள் வளர்ப்பின் குறை அல்ல. அப்பாவின் கதையை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆனால், வளரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வயது ஏற ஏற ஓட்டம் அடங்கலாம். மறதியும் கவனச் சிதறலும் பலருக்குப் பெரியவர்களான பிறகும் போவதில்லை.

அதற்காக இப்போதே முடிவும் கட்டிவிடாதீர்கள். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் தெரிகிறதா என்று டாக்டர் விசாரிப்பார். கண், காது, தூக்கம் இவற்றில் கோளாறு இருந்தாலும் பிள்ளை இப்படி இருக்கலாம் என்பதால் அதையும் பார்ப்பார்கள். முதலில் கடலூர் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மரில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது, பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அந்தப் பாதி எழுதிய நோட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்புறம் மாத்திரை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில், பிள்ளையைக் கையாளப் பெற்றோருக்குத்தான் பயிற்சி. உங்கள் மகன் வயதில் பயிற்சியோடு மருந்தும் சேரலாம். அதிகம் எழுதுவது மெதில்பெனிடேட். அது ஒத்துவராவிட்டால் அடோமாக்சிடின் போன்றவை உண்டு. டாக்டர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் கொடுத்தால் அடிமையாவான் என்ற பயம் வேண்டாம். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் காலை இட்லி வயிற்றுக்குள் போன பிறகு மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடை, உயரம், ரத்த அழுத்தம் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும். நீங்களாக அளவைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். அடுப்படியிலிருந்து குரல் கொடுக்காமல், கிட்டே போய்த் தோளைத் தொட்டுச் சொல்லுங்கள். பத்து நிமிடம் வீட்டுப்பாடம், பிறகு எழுந்து ஓடட்டும். செய்து முடித்த அந்த நிமிடமே பாராட்டுங்கள், சாயங்காலம் அப்பா வரட்டும் என்று தள்ளாதீர்கள்.

டீச்சரிடம் ஜன்னலோரம் வேண்டாம், முன் பெஞ்சில் உட்கார வையுங்கள் என்று கேளுங்கள். அதற்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. நாளைக் காலையிலேயே கேட்கலாம்.