யோசித்தால் விசுவாசம் குறையுமா? – கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தமிழ் மெதடிஸ்ட் சபையின் புதன்கிழமை வேதபாடத்தில் இந்த மாதம் ரோமர் 12ஆம் அதிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதே ‘புத்தியுள்ள ஆராதனை’ என்று பவுல் சொல்லும் முதல் வசனத்திலேயே கேள்விகள் கிளம்பிவிட்டன. நேரம் போதாததால் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தும், சபைக்கு வராத சிலரிடமிருந்தும்கூட வந்திருக்கின்றன. பெயர்களை எடுத்துவிட்டேன். பதில் பிசகாகப் பட்டால் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னோடு வழக்காடுங்கள், வரவேற்கிறேன்.

மாதர் சங்கத்து அக்கா ஒருவர்: ‘உன் சுயபுத்தியின்மேல் சாயாதே’ என்று நீதிமொழிகள் 3:5 சொல்கிறது. என் மகள் எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று கேட்கிறாள். இந்த வசனத்தைச் சொல்லித்தான் அவள் வாயை அடைக்கிறேன். சரிதானே?

சரியில்லை அக்கா. அதற்கு முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். ஞானத்தை வா என்று கூப்பிடு, வெள்ளியைத் தேடுவதுபோலத் தேடு என்கிறது. ‘பேதையானவன் எந்த வார்த்தையையும் நம்புவான்’ என்பது அதே புத்தகத்தில் 14:15. நீங்கள் சொன்ன வசனத்துக்கு இரண்டு வசனம் தள்ளி, ‘நீ உன்னை ஞானியென்று எண்ணாதே’ என்று வருகிறது. தன் புத்தியே போதும், தேவன் தேவையில்லை என்கிற மனிதனுக்குத்தான் அந்த எச்சரிப்பு. தெரிந்துகொள்ளக் கேட்கிற பிள்ளையை அதால் அடிக்கக்கூடாது.

லூக்கா முதல் அதிகாரத்தில் தேவதூதனிடம் இரண்டு பேர் கேள்வி கேட்கிறார்கள். சகரியா கேட்டார், ஊமையானார். மரியாளும் ‘இது எப்படியாகும்?’ என்று கேட்டார். அவருக்குத் திட்டு விழவில்லை, விளக்கம் கிடைத்தது. சகரியா தூதன் சொன்னதை நம்பாமல் கேட்டார் என்று அந்த அதிகாரமே சொல்கிறது. மரியாளோ பதிலைக் கேட்டுவிட்டு, உம்முடைய வார்த்தையின்படி ஆகட்டும் என்றார். உங்கள் மகள் எந்த மனதோடு கேட்கிறாள் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். பதில் தெரியாவிட்டால் இருவருமாகப் போதகரிடம் போங்கள்.

பழைய லயத்திலிருந்து ஒரு தம்பி: அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). சுகமளிக்கும் கூட்டம் ஒன்றில் ஜெபித்த பிறகு சுகமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை போட்டால் அவிசுவாசம் என்கிறார். வலது கால் பெருவிரல் ஓரத்தில் புண் இருக்கிறது, ஆறவில்லை. என்ன சொல்லிப் புரியவைப்பது?

தம்பி, இதைப் படித்ததும் முதல் வேலையாக அம்மாவை கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) அழைத்துப் போங்கள். இனிப்பு நீர் உள்ளவர் காலில் ஆறாத புண் என்றால் நாள் கடத்தக்கூடாது. மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அம்மாவிடம் வேதத்தை வைத்தே பேசலாம். எசேக்கியா ராஜா சாகக்கிடந்தபோது, இன்னும் 15 வருஷம் கூட்டித் தருவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அதே ஏசாயா 38ஆம் அதிகாரக் கடைசியில், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டச் சொல்கிறார் தீர்க்கதரிசி. வாக்கும் இருந்தது, மருந்தும் இருந்தது. அத்திப்பழம் கட்டியதால் ராஜாவின் விசுவாசம் குறைந்ததாக அங்கே ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று. இயேசு குஷ்டரோகிகளைச் சுகமாக்கியபோது, போய் உங்களை ஆசாரியருக்குக் காண்பியுங்கள் என்றார். லேவியராகமம் 14இன்படி, சுகமானதைச் சோதித்துச் சொல்ல வேண்டியது ஆசாரியன். தாம் செய்த அற்புதத்தையே பரிசோதனைக்கு அனுப்பியவர் நம் ஆண்டவர். அப்படியிருக்க, ரத்தப் பரிசோதனைக்கு நாம் ஏன் பயப்பட வேண்டும்? கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும் சோதனை இருக்கிறது. அம்மா சுகமாகியிருந்தால் அதில் தெரியும், எல்லோரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்வோம். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொன்ன பிறகு. தேவன் சுகமாக்குகிறார் என்று முழுமனதோடு நம்புகிறவன் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு சகோதரி: கணவருக்கு 55 வயதாகி இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் கைக்கு வந்திருக்கிறது. வெளியூர் ஊழியர் ஒருவர், இதில் பாதியை விதைத்தால் நூறத்தனையாக வரும் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். தீர்க்கதரிசி பேசினால் மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள், அதாவது சீர்தூக்கிப் பார்க்கட்டும் என்பது 1 கொரிந்தியர் 14:29. பெரோயா பட்டணத்தார் பவுல் பேசியதையே வேதவாக்கியங்களோடு தினமும் ஒத்துப் பார்த்தார்கள், அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17. பவுலைச் சோதித்துப் பார்க்கலாம், வெளியூர் ஊழியரைக் கூடாதா?

காணிக்கைக்கு 2 கொரிந்தியர் 9:7 தெளிவாக வழி சொல்கிறது: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, அவனவன் தன் மனதில் நியமித்தபடி. நீங்கள் இருவரும் கணக்குப் பார்த்து, ஜெபித்து, மனமாரக் கொடுக்கும் ஐம்பது ரிங்கிட் மிரட்டலுக்குக் கொடுக்கும் ஐம்பதாயிரத்தைவிட மேல். சாத்தானும் 91ஆம் சங்கீதத்தைச் சரியாக எடுத்துச் சொல்லித்தான் ஆண்டவரை ஆலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான். வசனம் சொன்னதால் மட்டும் ஒருவர் சொல்வது தேவசித்தம் ஆகாது. அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

எஸ்டேட் கிராணி (குமாஸ்தா) ஒருவர்: ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனபோது யோசிக்கவே இல்லையே ஐயா? கீழ்ப்படிதல் என்றால் அதுதானே?

நானும் இதில் வெகுநேரம் நிற்பவன், ஐயா. ஆபிரகாம் யோசித்தார் என்று எபிரெயர் 11:19 சொல்கிறது. தேவன் தன் மகனை மரித்தோரிலிருந்து எழுப்ப வல்லவர் என்று எண்ணினார் என்றிருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஈசாக்கினிடத்தில் உன் சந்ததி விளங்கும் என்று ஆதியாகமம் 21இல் வாக்கு. 22இல் அதே ஈசாக்கைப் பலியிடு என்று கட்டளை. இரண்டையும் சொன்னவர் ஒருவரே, அவர் பொய் சொல்லமாட்டார். அப்படியானால் செத்தவனை எழுப்பியாவது வாக்கை நிறைவேற்றுவார். தேவனைப் பற்றித் தெரிந்ததை வைத்துத் தெரியாத இடத்துக்குள் ஆபிரகாம் அடியெடுத்து வைத்தார்.

அந்தத் தெரிதல் ஒரு ராத்திரியில் வந்ததில்லை. ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. இடையில், சோதோமுக்காக ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துவரைக்கும் தேவனோடு பேரம் பேசியவரும் இவரே. அப்போது தேவன் கோபிக்கவில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். எனக்கும் குரல் கேட்டது என்று இன்று எவராவது ஒரு பிள்ளைக்குத் தீங்கு செய்யப் புறப்பட்டால் அதற்கு இந்த அதிகாரம் அனுமதிச்சீட்டு ஆகாது. ஆபிரகாமின் கையை நிறுத்தியதும் தேவன்தான். பிள்ளைகளைப் பலியிடுவதை நியாயப்பிரமாணம் தடுக்கிறது, அப்படி நான் கட்டளையிடவும் இல்லை, நினைக்கவும் இல்லை என்று எரேமியா 7இல் கர்த்தர் சொல்கிறார்.

லுத்தரன் சபையிலிருந்து நம் ஊருக்கு மருமகளாக வந்தவர்: ‘என் சொந்தப் புத்தியினால் விசுவாசிக்க என்னால் கூடாது’ என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். நீங்கள் புத்தியை இவ்வளவு உயர்த்துகிறீர்களே?

நல்ல கேள்வி, அம்மா. 1529இல் உங்கள் சபைக்குப் பெயர் தந்த லுத்தர் கேள்வி பதிலாக எழுதிய சிறிய ஞானோபதேசம் அது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். நீங்கள் சொன்ன வரி விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கான விளக்கம். முதல் பகுதிக்கான விளக்கத்தையும் சொல்லிப் பாருங்கள்: தேவன் எனக்குக் கண், காது, அவயவங்களோடு புத்தியையும் தந்து இன்றும் காத்துவருகிறார் என்று வரும். இரண்டையும் எழுதியது ஒரே கை. எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் இப்படித்தான். புத்தியைத் துறப்பது மதத்தையே துறப்பது என்று 1768இல் ஒரு கடிதத்தில் எழுதினார். 1781இல் புத்தியைப் பற்றியே செய்த பிரசங்கத்திலோ, விசுவாசத்தையும் நம்பிக்கையையும் அன்பையும் அதனால் பிறப்பிக்க முடியாது என்றார். பிறப்பிப்பவர் பரிசுத்த ஆவியானவர். பிறந்த விசுவாசம் எதைச் செய்வது, யாரை நம்பாமல் இருப்பது என்று பார்க்கப் புத்தி வேண்டும்.

ஆறாம் படிவ மாணவர்: உயிரியல் பாடம் படிப்பதால் விசுவாசம் போய்விடும் என்கிறார் பாட்டி.

பாட்டியின் பயம் அன்பினால் வருவது, எதிர்த்துப் பேசாதே தம்பி. உன் புத்தகத்தில் பட்டாணிச் செடியோடு வருகிற மெண்டல் ஒரு கிறிஸ்தவத் துறவி. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய லெமைத்தர் பெல்ஜியத்துப் பாதிரியார். வானத்தையும் பூமியையும் பற்றி அறிந்தவர்கள் முன்னால் வேதத்தின் பெயரால் உளறாதீர்கள் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே பேராயர் அகுஸ்தீன் கண்டித்திருக்கிறார். நன்றாகப் படி.

கோயில் கமிட்டியில் இருக்கும் என் பக்கத்து வீட்டு நண்பர்: அறிவுக்கு எட்டாதது என்று நீங்களே சொல்லிவிட்டு எங்களை எப்படி நம்பச் சொல்கிறீர்கள்?

அறிவுக்கு எட்டாதது வேறு, முரணானது வேறு அண்ணே. தேவன் திரியேகர், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராயிருந்தும் ஒருவரே என்பது என் மூளைக்குள் அடங்காது. ஆனால் இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதைச் சாட்சிகளை வைத்துத்தான் பவுல் பேசுகிறார். ஐந்நூறு பேருக்கு அதிகமானோர் கண்டார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று 1 கொரிந்தியர் 15இல் எழுதினார். போய்க் கேட்டுப் பார் என்பதுபோல எழுதியிருக்கிறார். நீங்கள் படித்துப் பாருங்கள், சனிக்கிழமை சாயங்காலம் பேசலாம்.

ஒரு மகன்: அப்பா முன்பு சபை மூப்பர். இப்போது மறதி நோய். இயேசு யார் என்று என்னையே கேட்கிறார். அவர் விசுவாசம் என்னவாயிற்று?

தம்பி, உங்கள் அப்பாவைக் காப்பது அவருடைய ஞாபகசக்தி என்றால் நாம் பயப்படலாம். ‘நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்’ என்று ஏசாயா 46:4இல் சொன்னவர் தாங்குகிறார். அவர் கேட்கும்போதெல்லாம், புதிதாகக் கேட்கிறவருக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள். பழைய கீர்த்தனைகளைப் பாடிப் பாருங்கள், பேச்சு மறந்தவர்களில் சிலருக்குப் பாட்டு வருகிறது.

செம்பனைக் குலை வெட்டும் குத்தகைக்காரர்: என்னிடம் வங்காளதேசத்து ஆட்கள் வேலை செய்கிறார்கள். கம்பெனிப் பணம் இழுத்தடிக்கிறது, லோரித் தவணையும் கட்டவேண்டும். கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்பது அந்தக் காலத்துச் சட்டம். புத்தியோடு பார்த்தால் இன்றைக்குப் பொருந்துமா?

அண்ணே, உபாகமம் 24:15இல் காரணமும் சேர்த்தே எழுதியிருக்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பியிருக்கிறான். அந்தக் காரணம் இன்று உங்கள் ஆட்களுக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. ஊரில் அவர்கள் வீட்டார் இந்தப் பணத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மாதச் சம்பளம் என்று பேசி மாதக் கடைசியில் கொடுத்தால் வசனத்தை மீறவில்லை. பேசிய நாளைத் தாண்டினால் மீறுகிறீர்கள். நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.

கீழ்ப்படியாமல் இருக்கக் காரணம் தேடும்போது நம் எல்லோருக்கும் புத்தி நன்றாகவே வேலை செய்கிறது. அதே புத்தியைக் கீழ்ப்படிவதற்கு வழி தேட அனுப்புங்கள். கம்பெனியிடம் முன்பணம் கேட்கலாம். பணம் ஒழுங்காக வராத பிளாக்கை அடுத்த மாதம் எடுக்காமல் விடலாம். லோரித் தவணைக்கு வங்கியிடம் தவணை நீட்டிப்புக் கேட்கலாம். கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள், ஞாயிறு ஆராதனை முடிந்து உட்கார்ந்து பார்ப்போம். போன மாதப் பாக்கியை மட்டும் அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.