ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் படிப்பா, அனுபவமா?

திருகோணமலையில் வைத்தியராக இருக்கிறீர்கள், நிர்வாகத்துக்கு வர விருப்பம். தலைமைத் திறன் படிப்பால் வருமா, அனுபவத்தால் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிர்வாகவியல் அறிஞர் ராபர்ட் காட்ஸ் 1955இல் நிர்வாகியின் திறனை மூன்றாகப் பிரித்தார்: தொழில் அறிவு, மனிதரோடு வேலை செய்வது, நிறுவனத்தை முழுதாகப் பார்ப்பது. பதவி உயர உயர முதலாவதன் தேவை குறையும், மூன்றாவது கூடும். கெட்டிக்கார வைத்தியர் பணிப்பாளர் கதிரையில் தடுமாறுவது இதனால்தான்.

வரவு செலவு, கொள்முதல் விதிகள், புள்ளிவிவரம் எல்லாம் படித்தே வரவேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் மருத்துவ நிர்வாகத்துக்கு முதுமாணி, எம்.டி. இரண்டும் உண்டு.

மனிதரோடு வேலை செய்வது வார்டில்தான் வரும். மூதூரிலிருந்து சிக்கலான பிரசவம் ஒன்றை இரவில் நகருக்கு அனுப்ப வேண்டும். அம்புலன்ஸ் சாரதி லீவு, தாதி தனியே போகப் பயப்படுகிறார், வாசலில் உறவினர்கள் சத்தம் போடுகிறார்கள். முதலில் யாரோடு பேசுவது? அதைச் செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஆனால் வருடங்கள் மட்டும் போதாது. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய் இறந்தால் நடக்கும் மீளாய்வில் "யார் பிழை?" என்று கேட்பவரும் உண்டு, "எங்கே தாமதமானது?" என்று கேட்பவரும் உண்டு, அனுபவம் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம்.

என்னைக் கேட்டால், சில வருடம் களத்தில் நின்றபின் படிக்கப் போங்கள். அப்புறம், சிங்களத்தை இப்போதே பழகுங்கள். சிங்களவர் அதிகம் வாழும் கந்தளாய்க்கு மாற்றம் கிடைத்தால் முதல் நாளே தேவைப்படும்.