திறந்த சோடாப் போத்தலில் காஸ் ஏன் இறங்கிப்போகிறது? ஹென்றியின் விதி என்றால் என்ன?

ஒரு திரவத்தில் எவ்வளவு வாயு கரையும் என்பதை அதன்மேல் அதே வாயு கொடுக்கும் அமுக்கம் தீர்மானிக்கிறது. அமுக்கம் இரட்டித்தால் கரைவதும் இரட்டிக்கும். மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி 1803இல் சொன்ன விதி இது. (சோடாத் தண்ணீரை ஜோசப் பிரீஸ்ட்லி 1767இலேயே செய்துவிட்டார்; கணக்குத்தான் பிந்தி வந்தது.)

மூடிய போத்தலுக்குள் காபனீரொட்சைட்டின் (சோடாவின் காஸ் இதுதான்) அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல மூன்று நான்கு மடங்கு. மூடியைத் திருகியதும் அது போய்விடும். வெளிக்காற்றிலோ அந்த வாயு 0.04 சதவீதம்தான். கொழும்புப் புறக்கோட்டையில் நெருக்கி அடைத்து ஏற்றிய 138ஆம் இலக்க பஸ்ஸின் கதவு திறந்தால் என்ன நடக்கும்? மிதிபலகையில் நிற்பவர் முதலில் விழுவார், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். குமிழிகளும் அப்படித்தான்.

சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஒரு வளிமண்டல அமுக்கத்தில், ஒரு லீற்றர் தண்ணீரில் 0 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 3.3 கிராம் காபனீரொட்சைட்டு கரையும். 25 பாகையில் 1.5 கிராம் அளவுதான். கொழும்புப் பகலோ 30 பாகையைத் தொடும். ஆகவே நன்றாகக் குளிர்ந்த பிறகே திறவுங்கள். மிச்சத்தைச் சிறிய போத்தலில் கழுத்துவரை மெதுவாக ஊற்றி, இறுக மூடி, பிரிட்ஜில் வையுங்கள்.

பிளாஸ்டிக் போத்தலை நசுக்கி, காற்றை வெளியேற்றி மூடினால் காஸ் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு: நசுங்கிய போத்தல் மீண்டும் உப்பும்வரை சோடாவிலிருந்துதான் வாயு வெளியேறி அந்த இடத்தை நிரப்பும்.