கொழுக்க வைக்கும் இறைச்சி மாடுகளுக்குக் கடைசி மாதங்களில் தீவனத்தில் எந்தச் சேர்க்கைப் பொருளைக் கலக்கலாம்?

கலவை இயந்திரம் வாங்கியிருப்பீர்கள், தானியத்தைக் கூட்டத் தொடங்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெயர் மட்டும் போதுமென்றால், மொனென்சின். முதல் வயிற்றிலுள்ள சில நுண்ணுயிர்களை அது அடக்குகிறது. மீத்தேனாக வீணாகும் சத்து குறைந்து, மாட்டுக்குச் சத்தாகும் புரோப்பியோனிக் அமிலம் கூடுகிறது. மாடும் ஒரேயடியாக வயிறு முட்டத் தின்னாமல் சிறுகச் சிறுகத் தின்கிறது. அதனால் எடை மளமளவென்று ஏறிவிடாது. அதே எடைக்குச் செலவாகும் தீவனம் குறையும், அவ்வளவுதான்.

எதைக் கலப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்படிக் கலப்பது என்று யாரும் கேட்பதில்லை. நான் மாடுகளைக் கொழுக்க வைக்கும் ஒரு பண்ணையில் தீவனம் கலந்தவன். அங்கே பட்டிகளைச் சுற்றிப் பார்க்க ஒரு பழுப்புக் குதிரை இருந்தது. ஒரு மாலை, இயந்திரத்தின் வாயடியில் சிந்திக் கிடந்ததை அது நக்கியது. நான் பார்த்தேன், விரட்டவில்லை. இரண்டு வாய்தானே என்று விட்டுவிட்டேன். இரவில் உடலெல்லாம் வியர்த்து, பின்னங்கால்கள் தள்ளாடின. கழுத்தில் கை வைத்தால் நாடி தறிகெட்டு ஓடியது. விடிவதற்குள் போய்விட்டது. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் இதயத் தசையில் வெளுத்த கோடுகளைக் காட்டினார்.

மாடு தாங்குகிற மொனென்சினில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் குதிரை தாங்காது. உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போனாலே உயிருக்கு ஆபத்து. 450 கிலோ குதிரைக்கு அது ஏறத்தாழ ஒரு கிராம். கிலோவுக்கு 33 மில்லிகிராம் வீதம் சீராகக் கலந்த தீவனம் என்றால், அந்த ஒரு கிராம் உள்ளே போக 30 கிலோ தின்றிருக்க வேண்டும். எங்கள் குதிரை தின்றது இரண்டு வாய். கிலோவுக்கு 200 கிராம் மருந்துள்ள முன்கலவை, அதாவது தீவனத்தில் கலப்பதற்கான அடர்பொடி, கலையாமல் கட்டியாக அங்கே விழுந்திருக்கிறது. அதில் ஒரு தேக்கரண்டியே போதும். (நன்றாகக் கலந்ததைக் குதிரைக்குக் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிடிகூடக் கூடாது.)

கலவை இயந்திரத்தின் கத்திகள் தேய்ந்துவிட்டன என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தத் தாள்களை ஒருவரும் தேடவில்லை. மாடு நல்ல எடைக்கு விற்றால் மேலாளருக்குப் பாராட்டு, ஏதாவது செத்தால் கலவைக்காரன் தலையில் பழி. இரவு வேலைக்குக் கூடுதல் கூலியும் இல்லை. இதை இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவேன்?

மருந்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் வருவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வளர்ச்சிக்காக இதைத் தீவனத்தில் கலப்பதைத் தடை செய்திருப்பது எனக்கும் தெரியும். உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பாருங்கள். மனிதர்களுக்கான மருந்தாக மொனென்சின் பயன்படுவதில்லை. கல்லீரல் சீழ்க்கட்டிக்காகக் கலக்கும் டைலோசின் அப்படியல்ல, மனித மருந்துகளின் இனத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவிலேயே 2017 முதல் கால்நடை மருத்துவரின் உத்தரவில்லாமல் அதைத் தீவனத்தில் சேர்க்க முடியாது. அந்தச் சீழ்க்கட்டிக்கு வேர், தானியத்தைத் திடீரென்று கூட்டுவதால் வரும் அமிலக் கோளாறு. மூன்று வாரமாவது எடுத்துப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

மொனென்சின் கலப்பதானால் முன்கலவையை முதலில் அரைத்த தானியத்தோடு கலந்து அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். இயந்திரம் பாதி நிறைந்தபின் அதைக் கொட்டுங்கள். கடைசிப் பொருள் விழுந்தபிறகும் சில நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு தீவனத் தொட்டியின் தலை, நடு, கடை மூன்றிலும் ஒரு பிடி அள்ளிச் சோதனைக்கு அனுப்புங்கள்.